யாரும் பாக்காத எடத்துல வாய் தொறக்க வைக்கிற ஆப்

தம்பி கேட்டது இதுதான்: கூச்ச சுபாவம் உள்ளவங்க கிளாஸுக்குப் போகாம, யார் கூடவும் பேசிப் பழகாம, தனியா போன்லயே இங்கிலீஷ் கத்துக்குற மாதிரி கேம் டைப்ல ஒரு ஆப் பண்ணப்போறேன், பாயிண்ட்ஸ், ஸ்ட்ரீக் (விடாம எத்தன நாள் வெளையாடுனோம்ன்ற கணக்கு), லீடர்போர்ட் (யார் முன்னாடி இருக்காங்கன்னு காட்டுற பட்டியல்) எல்லாம் வச்சிட்டா போதுமா, வேற என்ன யோசிக்கணும்னு. போதாதுப்பா. அதுல பாதி இவங்களுக்கு ஆவவே ஆவாது. கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா வியாசர்பாடி பக்கம் சாயங்காலத்துல ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்குறவ நான், கூச்சப்படுற பிள்ளைங்கதான் என்கிட்ட அதிகம் வருவாங்க, வந்து கடைசி வரிசைல குந்திக்கினு வாயே தொறக்காம போறவங்களும் அதுல நெறைய. நீங்க பண்ற ஆப் அவங்களுக்குத்தான் வேணும், அதனாலதான் இவ்ளோ அக்கறையா எழுதுறேன்.

மொதல்ல, கூச்சப்படுற பொண்ணுக்கு இங்கிலீஷே தெரியாதுன்னு நெனச்சிட்டு ஆப் பண்ணாதீங்க, அப்டி பண்ணா அது ஏ ஃபார் ஆப்பிள்ல ஆரம்பிச்சு அங்கயே நின்னுடும். அவ பி.காம் முடிச்சிருப்பா, பரீட்சை இங்கிலீஷ்லதான் எழுதியிருப்பா, ஒரு பத்தி குடுத்தா படிச்சு அர்த்தம் சொல்லிடுவா, ஆனா இன்டர்வியூல "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்"னு கேட்ட ஒடனே தொண்டை அடச்சிக்கும், தெரிஞ்ச வார்த்தை கூட வராது. இதப் பத்தி ஆராய்ச்சி எல்லாம் இருக்கு, 1986ல எலைன் ஹார்விட்ஸ், மைக்கேல் ஹார்விட்ஸ், ஜோஆன் கோப்னு மூணு பேர் சேர்ந்து, வேற மொழி கத்துக்குற கிளாஸ்ல வர்ற பயத்த அளக்க 33 கேள்வி உள்ள ஒரு அளவுகோல் போட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் உலகம் பூரா அதத்தான் எடுத்து யூஸ் பண்றாங்க. பயத்த மூணா பிரிச்சாங்க: எதிர்ல இருக்குறவங்ககிட்ட பேசுற பயம், டெஸ்ட் பயம், நம்மள பத்தி மத்தவங்க மட்டமா நெனச்சிடுவாங்களோன்ற பயம். மூணுமே கிராமர் தெரியாததால வர்றது கெடையாது, எதிர்ல ஒரு ஆள் இருக்குறதால வர்றது. எங்க ஏரியால இதுக்கு மேல ஒண்ணு சேர்ந்துக்கும், தப்பா பேசினா சிரிப்பாங்க, சரியா பேசினா "இன்னா, பீட்டர் வுடுற?"ன்னு கேப்பாங்க, ரெண்டு பக்கமும் அடி, அதனால பேசாம இருக்குறதுதான் சேஃப்னு பிள்ளைங்க முடிவு பண்ணிடுதுங்க.

அப்போ உங்க டிசைனோட மொத வேலை, பாக்குற ஆள சுத்தமா இல்லாம பண்றது. அதுக்கப்புறம் எப்போ ஒரு ஆள உள்ள வுடணும், யார வுடணும்ன்றத கத்துக்குறவங்க கையிலயே குடுத்துடணும். நான் கீழ சொல்ற அத்தனையும் இந்த ஒண்ணுலேந்துதான் வருது.

இப்ப வீட்டுக்கு வாங்க. ஆப் டிசைன் பண்றவங்க ரொம்ப பேர் மறந்துபோற விஷயம் இது, தனியா கத்துக்குறவங்களுக்குத் தனியா ஒரு ரூம் இருக்கும்னு நெனச்சிடுறாங்க. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டுலயோ தண்டையார்பேட்டை லைன் வீட்லயோ ஒரு ரூமு, அதுல அம்மா, தம்பி, பாட்டி, டிவி, பக்கத்து வீட்டு ஆயா வாசல்ல. அந்த வீட்ல ஒரு பொண்ணு போன பாத்து "ஹலோ, மை நேம் இஸ்"னு சத்தமா சொல்ல முடியுமா? சொன்னா அன்னிக்கு நைட்டு வரைக்கும் தம்பி அத சொல்லிச் சொல்லியே சிரிப்பான். மொட்டை மாடிக்கு போகலாம், ஆனா அங்க துணி காயப்போட வர்றவங்க இருப்பாங்க, இருட்டுன பிறகு பொண்ணு மாடில தனியா நின்னா அதுக்கு வேற கேள்வி வரும். அதனால உங்க ஆப்ல "இப்போ பேசுங்க"ன்னு ஒரு மைக் பட்டன் வந்தா, அத அழுத்தாம ஆப்ப மூடிடுவாங்க. சோம்பேறித்தனம்னு நீங்க டேட்டாவ பாத்து நெனச்சிப்பீங்க, அவங்களுக்குப் பேச எடம் இல்ல அவ்ளோதான்.

இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி, போன காதுல வச்சிக்கினு வெளையாடுற மாதிரி கேம பண்றது. யோசிச்சுப் பாருங்க, தெருவுல, பஸ் ஸ்டாப்புல, தண்ணி பிடிக்கிற எடத்துல ஒருத்தர் போன காதுல வச்சி பேசிக்கினு நடந்தா யாரும் திரும்பி கூட பாக்கமாட்டாங்க. போன்ல ப்ராக்ஸிமிட்டி சென்சார் ஏற்கனவே இருக்கு, காதுகிட்ட கொண்டுபோனா ஸ்கிரீன் அணையிறது அதாலதான். அத வச்சி, போன காதுல வச்ச ஒடனே கேமுக்குள்ள இருக்குற ஆள் பேச ஆரம்பிக்கணும், சத்தம் லவுட்ஸ்பீக்கர்ல வராம காதுக்கிட்ட இருக்குற இயர்பீஸ்ல வரணும், எடுத்துட்டா அப்படியே நிக்கணும், மறுபடி வச்சா "ஆங், சொல்லுங்க"ன்னு விட்ட எடத்துலேந்து பிடிச்சிக்கணும். ஸ்கிரீன்ல எதையும் தட்டாம ஒரு சீன் முழுசா முடிக்க முடியணும். வண்ணாரப்பேட்டை மார்க்கெட்ல எம்.சி. ரோட்டுல நடந்துக்கினே ஒரு பொண்ணு "யெஸ் மேம், ஐ கேன் ஜாயின் ஃப்ரம் மன்டே"ன்னு சொல்லி பழகலாம், அந்த சத்தத்துல யாருக்கும் கேக்காது, கேட்டாலும் ஏதோ ஆபீஸ் கால்னுதான் நெனப்பாங்க. அது அந்தப் பொண்ணுக்கு ஒரு கெத்து கூட.

வீட்டுக்குள்ள இருக்கும்போது வேற வழி வேணும். மூணு விதமா பேசலாம்னு வைங்க: வாய் மட்டும் அசைக்கிறது, முணுமுணுக்குறது, சத்தமா சொல்றது. ஒரே தட்டுல மாத்திக்குற மாதிரி இருக்கணும், எதுல பண்ணாலும் கேம்ல அதே முன்னேற்றம் கெடைக்கணும், சத்தமா பேசினாத்தான் ஃபுல் மார்க்குன்னு வச்சிடாதீங்க. இங்க டெக்னிக்கலா ஒண்ணு கவனிக்கணும், குசுகுசுன்னு பேசும்போது குரல்நாண் அதிராது, அதனால சாதாரண பேச்ச கேட்டுப் பழகுன ஸ்பீச் ரெகக்னிஷன் (பேச்ச எழுத்தா மாத்துற சாஃப்ட்வேர்) நெறைய எடத்துல தடுமாறும், ஒண்ணு கெடக்க ஒண்ணு எழுதும். அந்த மோட்ல மெஷின மார்க் போட வுடவே கூடாது. கேம் ஆள் எப்படி சொன்னாரோ அத ஒரு தடவ, இவங்க முணுமுணுத்தத ஒரு தடவ, மாத்தி மாத்தி போட்டுக் காட்டுங்க, காதே வித்தியாசத்த புடிச்சிக்கும். வாய் அசைக்கிற மோட்ல ரெக்கார்டிங் கூட வேணாம், "சொல்லிட்டேன்"னு ஒரு பட்டன் போதும், நம்புங்க அவங்கள.

போன் இன்னொரு விஷயம். ரொம்ப வீட்ல நல்ல போன் ஒண்ணுதான், அது அப்பாகிட்ட காலைல, தம்பிகிட்ட ராத்திரில. "கவிதா, இன்னிக்கு இங்கிலீஷ் பாடம் படிக்கலையா?"ன்னு ஸ்கிரீன் மேல நோட்டிஃபிகேஷன் வந்து வுழுந்தா, அத வீட்ல எல்லாரும் படிப்பாங்க, அப்பறம் கவிதா அந்த ஆப்ப டெலிட் பண்ணிடுவா. நோட்டிஃபிகேஷன் டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கட்டும், வேணும்னு ஆன் பண்ணா கூட இங்கிலீஷ்னோ பாடம்னோ எழுதாம சும்மா ஒரு சின்ன வரி. ஒரே போன்ல ரெண்டு மூணு பேர் பின் நம்பரோட தனித்தனியா வச்சிக்குற வசதி வேணும். ரெக்கார்டிங் எல்லாம் அந்த சீன் முடிஞ்ச ஒடனே தானா அழியணும், பிடிச்சத மட்டும் அவங்களே எடுத்து வச்சிக்கட்டும். சர்வருக்கு குரல அனுப்பாம போன்லயே வேலைய முடிக்கப் பாருங்க. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ இருக்குறவங்க தகவல எடுக்க பெத்தவங்க சம்மதம் வேணும், பிள்ளைங்கள பின்தொடர்ந்து கண்காணிக்கவும் கூடாது, ப்ளஸ் டூ பிள்ளைங்க கண்டிப்பா உங்க ஆப்புக்கு வருவாங்க, அதையும் மனசுல வச்சிக்கங்க. சட்டத்த விடுங்க, தன்னோட தடுமாற்றம் எங்கயோ சேவ் ஆகிக் கெடக்குன்னு ஒரு தடவ தோணிட்டா போதும், கூச்சப்படுறவங்க அதுக்கப்புறம் மைக்க தொடவே மாட்டாங்க.

சரி, கேமுக்கு வருவோம்.

பாயிண்ட்ஸ், லீடர்போர்ட் பத்தி எனக்கு ஒரு உறுதியான கருத்து இருக்கு. டுவோலிங்கோல வாராவாரம் ஒரு 30 பேர ஒரு லீக்ல போட்டு யார் அதிகம் பாயிண்ட் எடுக்குறாங்கன்னு போட்டி வைப்பாங்க, போட்டி பிடிச்சவங்களுக்கு அது நல்லா வேலை செய்யுது, அதுல தப்பு சொல்லல. ஆனா கூச்சப்படுறவங்களுக்கு லீடர்போர்டுன்றது திரும்பவும் ஒரு கிளாஸ்ரூம்தான், அங்க 23வது எடத்துல தன் பேர் இருந்தா யாரோ பாக்குறாங்கன்ற நெனப்பு வந்துடும். 1996ல ரிச்சர்ட் பார்ட்டில்னு ஒருத்தர் ஆன்லைன் கேம் வெளையாடுறவங்கள நாலு வகையா பிரிச்சாரு, சாதிக்க வர்றவங்க, சுத்திப் பாக்க வர்றவங்க, பழக வர்றவங்க, அடுத்தவங்கள ஜெயிக்க வர்றவங்கன்னு. அவர் சொன்னது வேற வகை கேமுக்கு, இருந்தாலும் நமக்கு உதவும், என்கிட்ட வர்ற கூச்சப்படுற பிள்ளைங்கள்ல முக்காவாசி சுத்திப் பாக்குற வகை, எதையும் ஓரமா நின்னு கவனிச்சு, புதுசா ஒரு கதவு இருக்கான்னு மெதுவா தொறந்து பாக்குறவங்க. அப்போ பரிசும் அதேதான், புது தெரு, புது ஆளு, ஒரு கதைல அடுத்த பகுதி. பேசினா கதை நகரும். மார்க், ஸ்டார், மெடல் இதெல்லாம் கம்மியா வைங்க. 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் நர்சரி பிள்ளைங்கள வச்சி ஒரு சோதனை பண்ணாங்க, படம் வரையிறதுல ஏற்கனவே ஆசையா இருந்த பிள்ளைங்க, அதுல சிலபேர்கிட்ட வரைஞ்சா பரிசு தர்றேன்னு முன்னாடியே சொல்லி குடுத்தாங்க, கொஞ்ச நாள் கழிச்சு பாத்தா அந்தப் பிள்ளைங்கதான் மத்தவங்கள விட கம்மியா வரைஞ்சுது. பாயிண்ட்டுக்காக பேச ஆரம்பிச்சா பாயிண்ட் இல்லாத எடத்துல, அதாவது நெஜ வாழ்க்கைல, பேச காரணம் இருக்காது.

எதுக்காவது பாயிண்ட் குடுத்தே ஆகணும்னா வாய் தொறந்ததுக்குக் குடுங்க. சரியா சொன்னாளா தப்பா சொன்னாளான்றது அப்புறம். உயிர் போகுது, ஹார்ட் கொறையுது, டைமர் ஓடுதுன்றதெல்லாம் இந்த ஆப்ல வரவே கூடாது. கேம்ல எதிர்ல இருக்குற ஆள் காத்துக்கினு இருக்கணும், பத்து செகண்ட் ஆனாலும், ஒரு நிமிஷம் ஆனாலும், அவர் பாட்டுக்கு டீ குடிச்சிக்கினு இருக்கட்டும், பொறுமையா இருக்குற ஒரு மனுஷன இங்கிலீஷ் பேசுற எடத்துல இந்தப் பிள்ளைங்க பாத்ததே இல்ல. ஸ்ட்ரீக் வேணாமான்னு கேட்டீங்க, தினம் தினம்னு வச்சா வீட்டு வேலை, ஷிஃப்ட் வேலை, மாதாமாதம் வர்ற வயித்து வலி எல்லாத்துக்கும் தண்டனை குடுக்குற மாதிரி ஆயிடும். வாரத்துல நாலு நாள்னு வைங்க, எந்த நாலுன்னு அவங்க இஷ்டம், விட்டுப்போனா எரிஞ்சு போற நெருப்பு படமெல்லாம் காட்டாதீங்க.

இப்போ ரொம்ப முக்கியமான எடம், படி. ராயபுரம், புளியந்தோப்பு பக்கம் பாக்ஸிங் கத்துக்குற பசங்கள பாருங்க, வந்த அன்னிக்கே யாரும் ரிங்ல ஏத்தமாட்டாங்க. கண்ணாடி முன்னாடி காத்துல குத்துவான், அப்பறம் மூட்டை, அப்பறம் கோச் கையில பேட் பிடிப்பாரு, அப்பறம் ஹெட்கார்ட் மாட்டிக்கினு தெரிஞ்ச பையன் கூட, அதுக்கும் பிறகுதான் ரிங்கு, கூட்டம். ஒவ்வொண்ணுலயும் திருப்பி அடிக்கிற ஆள் கொஞ்சம் கொஞ்சமா நெஜமாவாரு. உங்க ஆப்லயும் இதே வரிசைதான் வரணும். மொத கேம் ஆள் பேசுறத கேட்டு கூடவே சொல்றது, பதில் எதுவும் தேவையில்ல. அடுத்து ரெண்டு மூணு பதில் திரையில இருக்கும், ஒண்ண பாத்து சொல்றது. அடுத்து பதில் மறஞ்சிடும், மொத வார்த்தை மட்டும் தெரியும். அடுத்து ஒண்ணுமே தெரியாது, கேம் ஆள் எதிர்பாக்காத கேள்வி ஒண்ணு கேப்பாரு. அதுக்கும் மேல போனா நெஜ மனுஷன், ஆனா முகம் தெரியாத மனுஷன், ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பி ஒண்ணு வாங்கிக்குறது, நேரா பேச வேண்டியதில்ல, அனுப்புறதுக்கு முன்னாடி எத்தன தடவ வேணாலும் அழிச்சு திருப்பி பேசிக்கலாம். எந்தப் படிலேந்தும் கீழ எறங்கலாம், எறங்குனா ஒண்ணும் கொறையாது. மேல ஏறுன்னு ஆப் தள்ளவே கூடாது, ஆனா அடுத்த படி இருக்குன்றது கண்ணுல பட்டுக்கினே இருக்கணும்.

நெறைய ஆப் இந்த மொத படிக்கே வராம நின்னுடுது, வார்த்தைய தட்டி வரிசைல அடுக்குறது, படத்த பாத்து பொருத்துறது. அது ஈஸி, ஜாலி, ஆனா ஒரு வருஷம் தட்டினாலும் வாய் தொறக்காது. மொழி எப்படி வருதுன்னு ஆராய்ச்சி பண்ண ஸ்டீபன் கிராஷென் 1980கள்லயே சொன்னாரு, புரியிற மாதிரி நெறைய கேட்டாலே மொழி வரும், ஆரம்பத்துல பேசாம இருக்குற காலம்னு ஒண்ணு இருக்கு அத மதிக்கணும்னு, அது நெஜம், கூச்சப்படுறவங்களுக்கு அது பெரிய ஆறுதலும் கூட. ஆனா 1985ல மெரில் ஸ்வெய்ன்னு இன்னொரு ஆராய்ச்சியாளர் கனடால ஃப்ரெஞ்ச் மீடியத்துல படிச்ச பிள்ளைங்கள பாத்துட்டு இன்னொண்ணு சொன்னாங்க, வருஷக்கணக்கா கேட்டும், கேட்டுப் புரிஞ்சிக்குறது பிரமாதமா வந்தும், பேசுறதுலயும் எழுதுறதுலயும் பின்தங்கியே இருந்தாங்க, ஏன்னா அவங்கள யாரும் சொந்தமா பேசித் தீர வேண்டிய எடத்துல நிறுத்தல. என்கிட்ட வர்ற பி.காம் பொண்ணு அப்படியே இதுதான். அவளுக்கு இன்னும் நூறு வார்த்தை சொல்லிக்குடுக்குறதால பிரயோஜனம் இல்ல, இருக்குற வார்த்தைய வெளிய எடுக்கணும்.

அதனால மொத பாடம் என்னன்னு கேட்டா, "ஐ ஆம், யூ ஆர்" வேணாம், மாட்டிக்கினா தப்பிக்கிற வரிகள் சொல்லிக்குடுங்க. "சாரி, கேன் யூ சே தட் எகெய்ன்?", "ஸ்லோலி ப்ளீஸ்", "ஒன் மினிட், லெட் மீ திங்க்", "யூ மீன் திஸ் ஒன்?". பேச பயப்படுறவங்க பயப்படுறது நடுவுல மாட்டிக்கிற அந்த ஒரு நொடிக்குத்தான், அந்த நொடில சொல்ல ஒரு வரி நாக்குல ரெடியா இருந்துட்டா பாதி பயம் போச்சு. கேம்ல இதுக்குன்னே சீன் வைங்க, வேணும்னே வேகமா பேசுற ஒரு ஆளு, லைன் கட்டாயி கட்டாயி கேக்குற ஒரு கால், அங்க புரியாம இருக்குறதுதான் சரியான நெலமை, "சாரி, எகெய்ன்"னு கேட்டாத்தான் கதவு தொறக்கும். திருப்பிக் கேக்குறது அவமானம்னு பள்ளிக்கூடத்துல கத்துக்கினு வந்த பழக்கத்த இது ஒடைக்கும்.

சீன் எல்லாம் நம்ம ஊர்லேந்து எடுங்க தயவுசெஞ்சு. லண்டன்ல மிஸ்டர் பிரவுன் காபி ஆர்டர் பண்றதெல்லாம் கொடுங்கையூர் பையனுக்கு எதுக்கு? அவன் டெலிவரி பைக்குல பெரம்பூர் பக்கம் பெரிய அபார்ட்மெண்ட் கேட்டுல நிக்கிறான், மேலேந்து கஸ்டமர் "லீவ் இட் வித் செக்யூரிட்டி, டவர் பி, நாட் டி"ன்றாங்க, அவனுக்கு பி-யா டி-யான்னு கேக்கல, திருப்பிக் கேக்க கூச்சம், தப்பான டவர் ஏறி எறங்குறான். அதான் சீன். எண்ணூர், மணலி பக்கம் கன்டெய்னர் யார்டு ஆபீஸ்ல வேலை பாக்குற பொண்ணுக்கு "த டிரக் இஸ் அட் த கேட், டாக்குமென்ட்ஸ் ஆர் பெண்டிங்"னு போன்ல சொல்லணும். நகைக்கடை, துணிக்கடை, மால்ல சேல்ஸ்ல நிக்கிறவங்க. நர்சிங் முடிச்சிட்டு வெளிநாடு போக ரெடியாவுறவங்க. இன்டர்வியூ. ஒவ்வொண்ணுலயும் நெஜமா என்ன கேக்குறாங்கன்னு அந்த வேலை பாக்குறவங்ககிட்ட போய் ஒக்காந்து கேளுங்க, நீங்களா கற்பனை பண்ணாதீங்க. இதே ஆப்ல சவுகார்பேட்டை கடைல வேலைக்கு சேர்றவங்களுக்கு இந்தி, வடக்கேந்து இங்க வேலைக்கு வந்திருக்குற பசங்களுக்கு தமிழ்னு பின்னாடி போடலாம், அவங்க கூச்சமும் இதே கூச்சம்தான்.

கேம்ல இருக்குற ஆளுங்கள நல்லவங்களா எழுதுங்க, ஆனா எல்லாரும் கெஞ்சிக் கொஞ்சுற மாதிரி வேணாம். "வாவ், அமேஸிங், சூப்பர்"னு ஒவ்வொரு வரிக்கும் கத்துற ஆப்ப பாத்தா இந்தப் பிள்ளைங்களுக்கு இன்னும் கூச்சம் ஆவும், பெரியவங்க நம்மள கொழந்தையா நடத்துறாங்கன்னு தோணும். சொன்னது புரிஞ்சா அந்த ஆள் அதுக்கு ஏத்த மாதிரி பதில் சொன்னாலே போதும், தான் பேசுனது ஒரு ஆளுக்குப் புரிஞ்சிதுன்றத விட பெரிய பாராட்டு கெடையாது. தப்ப திருத்துறதும் அப்படியே, "ஐ ஆம் கோயிங் எஸ்டர்டே"ன்ற மாதிரி எதையாவது சொன்னா நிறுத்தி சிவப்பு கோடு போடாம, "ஓ, யூ வென்ட் எஸ்டர்டே?"ன்னு அந்த ஆளே சரியா திருப்பிச் சொல்லிட்டு மேல போகட்டும். ஒரே ஒரு குறை, 1997ல லிஸ்டர், ரான்டான்னு ரெண்டு பேர் கிளாஸ்ரூம்ல இத கவனிச்சு பாத்தாங்க, டீச்சருங்க அதிகமா பண்றது இந்த மாதிரி மறைமுகமா திருத்துறதுதான், ஆனா பிள்ளைங்க அத கவனிக்காமலே தாண்டிப் போறதும் அதிகம். அதனால சீன் முடிஞ்ச பிறகு, தனியா, அமைதியா, ஒரே ஒரு வரிய மட்டும் எடுத்து "இத இப்படி சொல்லிப் பாக்கலாமா?"ன்னு காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு. அஞ்சு தப்பு இருந்தாலும் ஒண்ணு.

ஞாபகம் வச்சிக்குற பகுதி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், சுருக்கமா சொல்லிடுறேன். 1885லயே எபிங்ஹவுஸ்னு ஒரு ஜெர்மன் ஆராய்ச்சியாளர் மறதி எப்படி வேகமா வந்து அப்புறம் மெதுவாவுதுன்னு அளந்து காட்டுனாரு, அதிலேந்து வந்ததுதான் இடைவெளி விட்டு திருப்பிப் பாக்குறது. 1987ல சூப்பர்மெமோன்ற ஞாபகப் பயிற்சி சாஃப்ட்வேர்ல வந்த எஸ்எம்-2ன்ற கணக்குல மொத இடைவெளி 1 நாள், அடுத்து 6 நாள், அப்பறம் பெருகிக்கினே போகும், இப்ப அன்கின்ற (Anki) கார்டு ஆப்ல எஃப்எஸ்ஆர்எஸ்னு புதுசு ஒண்ணு வந்திருக்கு, ரெண்டும் ஓப்பனா கெடைக்குது, நீங்க புதுசா எழுத வேணாம். ஆனா அத கார்டா காட்டாதீங்க. போன வாரம் "டாக்குமென்ட்ஸ் ஆர் பெண்டிங்"னு சொல்லிப் பழகுனா, இந்த வாரம் பேங்க் சீன்ல வேற ஒரு ஆள் வந்து அந்த வரி தேவைப்படுற மாதிரி கேள்வி கேக்கணும். எந்த ஆள் என்னிக்கு வரணும்ன்றத அந்தக் கணக்கு முடிவு பண்ணட்டும், வெளையாடுறவங்களுக்கு அது கதையாத்தான் தெரியணும்.

உச்சரிப்புல ரொம்ப கெடுபிடி வேணாம். நம்ம ஆளுங்களுக்கு வர்றது தெரிஞ்ச விஷயங்கள்தான், ஸ்கூல் "இஸ்கூல்" ஆவும், எம், என் ரெண்டும் "யெம், யென்" ஆவும், ஃப வர்ற எடத்துல ப வரும். இதுல எது எதிர்ல இருக்குறவங்களுக்குப் புரியாம பண்ணுதோ அத மட்டும் பாருங்க. என் அனுபவத்துல அதிகம் குழப்பம் பண்றது எந்த எடத்துல அழுத்துறோம்ன்றதுதான், நம்ம பேச்சுல எல்லா அசையும் ஏறத்தாழ சமமா வரும், இங்கிலீஷ்ல ஒரு அசைய அழுத்தி மத்தத முழுங்குவாங்க. அத கைதட்டி, தாளம் போட்டு சொல்லிக்குடுத்தா கானா கேட்டு வளர்ந்த பிள்ளைங்க டக்குனு பிடிச்சிக்குதுங்க, கேம்லயும் போன தட்டி தாளம் போடுற மாதிரி வைக்கலாம். தமிழ் எழுத்துல இங்கிலீஷ எழுதிக் காட்டலாமான்னா, ஆரம்பத்துல காட்டுங்க, ஆனா எப்பவும் சத்தம் மொத, எழுத்து ரெண்டாவது, ஏன்னா பைன்ற bag, முதுகுன்ற back ரெண்டையும் நாம "பேக்"னு ஒரே மாதிரிதான் எழுதுவோம்.

ஸ்பீச் ரெகக்னிஷனுக்கு 2022ல ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் மாதிரி மாடல் இலவசமா கெடைக்குது, அதுல சின்ன சைஸ் மாடல் போன்லயே ஓடும், நம்ம ஐஐடி மெட்ராஸ்ல இருக்குற ஏஐ4பாரத்ன்ற ஆராய்ச்சிக் குழு இந்திய மொழிகளுக்கு பண்ண மாடல்களும் பாருங்க, பிள்ளைங்க நடுநடுவுல தமிழ்ல பேசுவாங்க, அத தப்புன்னு எடுத்துக்காம புரிஞ்சிக்க உதவும். விஸ்பர்ல ஒண்ணு தெரிஞ்சிக்கங்க, அது சொன்னத விட சொல்ல வந்தத எழுதப் பாக்கும், கொஞ்சம் தப்பா சொன்னாலும் சரியான வார்த்தையா எழுதிடும், அதனால உச்சரிப்புக்கு மார்க் போட லாயக்கில்ல, ஆனா "புரிஞ்சிதா இல்லையா"ன்னு பாக்க நல்லாவே ஒதவும், நமக்கு வேண்டியதும் அதுதான். இன்னொண்ணு, யாருமே பேசாம அமைதியா இருந்தா சில சமயம் அதுவே எதையாவது கற்பனை பண்ணி எழுதும், பேசாத பொண்ணுகிட்ட "நீ இத சொன்ன"ன்னு ஆப் சொன்னா நம்பிக்கையே போயிடும், அதனால பேச்சு இருக்கா இல்லையான்னு மொதல்ல செக் பண்ணிட்டு அப்பறம் அனுப்புங்க. சைஸும் பாத்துக்கங்க, போன்ல எடம் இல்லாம போட்டோவ அழிச்சிக்கினு இருக்குறவங்கதான் நம்ம ஆளுங்க. பேச்ச ஓபஸ்ன்ற ஆடியோ ஃபார்மேட்ல, நொடிக்கு 24 கிலோபிட் (24 கேபிபிஎஸ்) அளவுல வச்சா ஒரு மணி நேர ஆடியோ சுமார் 11 எம்பிதான், காதுக்கு தெளிவா இருக்கும், சீன் சீனா டவுன்லோட் பண்ணிக்குற மாதிரி வைங்க.

ஆப் வேலை செய்யுதான்னு எப்படி பாக்குறது? எத்தன பேர் தினம் தொறக்குறாங்கன்ற கணக்கு உங்கள ஏமாத்தும். கேம் ஆள் கேள்வி கேட்டதுலேந்து இவங்க வாய் தொறக்குற வரைக்கும் எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாருங்க, அந்த இடைவெளி வாரா வாரம் கொறைஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம். தன்னோட ரெக்கார்டிங்க திருப்பிக் கேக்குறாங்களான்னு பாருங்க, மொதல்ல யாரும் கேக்கமாட்டாங்க, தன் குரல கேக்கவே வெக்கமா இருக்கும், கேக்க ஆரம்பிச்சாங்கன்னா அது பெரிய மாத்தம். இந்தக் கணக்க எல்லாம் போன்லயே போட்டு, அவங்களுக்கு மட்டும் காட்டுங்க, உங்களுக்கு வேணும்னா கேட்டு வாங்குங்க. டெஸ்ட் பண்ணும்போது பக்கத்துல ஒக்காந்து பாக்காதீங்க, நீங்க பக்கத்துல இருந்தாலே அது வேற ஆள், போன குடுத்துட்டு ஒரு வாரம் கழிச்சு போய் கேளுங்க, பொண்ணுங்ககிட்ட கேக்க ஒரு பொண்ண அனுப்புங்க.

ஆப்புக்கு வெளிய மொத அடி எதுன்னும் யோசிச்சு வைங்க, கேம்ல கடைசி சீன் அங்கதான் முடியணும். என் பிள்ளைங்களுக்கு நான் சொல்றது மொபைல் கம்பெனி கஸ்டமர் கேர், மொழி கேக்கும்போது இங்கிலீஷ்க்கு அழுத்து, ஒரு நெஜமான கேள்வி வச்சிக்கோ, ரீசார்ஜ் பிளான் பத்தியோ, பேலன்ஸ் ஏன் கொறஞ்சிதுன்னோ. எதிர்ல இருக்குறவங்க முகம் தெரியாது, உன்ன இனிமே பாக்கப்போறதும் இல்ல, பொறுமையா பேசுறது அவங்க வேலை, முடியலன்னா "ஓகே, தேங்க் யூ"ன்னு வச்சிடலாம். அதே உரையாடல அப்படியே கேம்ல ஒரு சீனா வைங்க, பல தடவ வெளையாடுன பிறகு ஆப் ஒரு வரி மட்டும் கேக்கட்டும், "இத நெஜமா பண்ணிப் பாக்குறீங்களா?"ன்னு. பண்ணாங்களான்னு ப்ரூஃப் கேக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட் கேக்காதீங்க.

மொத வெர்ஷனுக்கு இத்தனையும் வேணாம் தம்பி. காதுல வச்சி வெளையாடுறது, முணுமுணுக்குற மோட், தப்பிக்கிற வரிகள், டெலிவரி சீன் ஒண்ணு, இன்டர்வியூ சீன் ஒண்ணு, இவ்ளோ போதும். இன்டர்வியூ சீனுக்கு ஸ்கிரிப்ட் எழுதும்போது எனக்கு அனுப்புங்க, எந்தக் கேள்விக்கு பிள்ளைங்க எங்க நின்னுபோறாங்கன்னு வரி வரியா குறிச்சுத் தர்றேன்.